மொட்டை மாடி வெள்ளைப் பூச்சு, ஃபேன், 72 வயசு அம்மா: ஆராய்ச்சி எண்கள் சென்னைக்குப் பொருந்துமா?

மாடிவீடு_பெரம்பூர் (கேள்வி):

கடைசி மாடி வீடு. மேலே அஞ்சு இன்ச் காங்கிரீட், அதுக்கு மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், தட்டோடு. கத்திரி வெயில்ல மதியத்தை விட ராத்திரி எட்டு மணிக்குத்தான் அறை மோசம். அம்மாவுக்கு 72 வயசு. பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை தினமும் காலையில எடுக்கறாங்க. ஏசி ஒத்துக்கலைன்னு அந்த அறைக்கு வேண்டாம்னுட்டாங்க.

மூணு விஷயம் குழப்பமா இருக்கு. நேர் வெயில்லயே வெளிக்காத்தை விடக் குளிர்ச்சியா நிக்கற பூச்சு கண்டுபிடிச்சிருக்காங்கன்னு படிச்சேன். இங்க கடையில "நானோ கூலிங், 15 டிகிரி குறையும்"னு விக்கறது அதுதானா? ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் காட்டற சூடு) 35 வரைக்கும் மனுஷன் தாங்குவான்னு ஒரு இடத்துல இருக்கு, 31-ஏ ஆபத்துன்னு இன்னொரு இடத்துல. அப்புறம், 35 டிகிரிக்கு மேல ஃபேன் போட்டா உடம்பு இன்னும் சூடாகுமாமே? பட்ஜெட் ஒரு வேலைக்குத்தான் வரும். எதை முதல்ல செய்யலாம்?

வெள்ளைப்பூச்சு:

பூச்சு பத்தி மட்டும் சொல்றேன். மத்ததுக்கு உடலியல் தெரிஞ்சவங்க வரட்டும்.

2014-ல ஸ்டான்ஃபோர்டு குழு வெள்ளிப் படலத்து மேல சிலிக்கா, ஹாஃப்னியம் ஆக்சைடு ஏழு அடுக்கு போட்டு, வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பற தகடு செஞ்சாங்க. பட்டப்பகல்ல சுற்றியிருந்த காத்தை விட 4.9 டிகிரி கீழே நின்னுது. 2021-ல பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேரியம் சல்பேட் பெயின்ட்: 98.1 சதவீதம், உச்சி வெயில்ல 4.5 டிகிரி கீழே. ரெண்டுக்கும் ஒரே தத்துவம். எந்தப் பொருளும் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிரா வெளியே விடுது. அதுல 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரைக்கும் உள்ள அலைகளுக்குக் காத்து மண்டலம் ஜன்னல் மாதிரி திறந்திருக்கு. சூடு அந்த வழியா நேரா விண்வெளிக்குப் போயிடும்.

சென்னையில இந்த ஜன்னல் பாதி மூடிக் கிடக்கும். மூடறது நீராவி. கடல்காத்து கொண்டுவர்ற அதே நீராவிதான். அதனால அந்த 4.5, 4.9 ரெண்டையும் நம்ம மாடியில எதிர்பார்க்காதீங்க.

ஆனா உங்க கூரைக்கு வேண்டிய லாபம் அந்த ஜன்னலை நம்பி இல்லை. கணக்குப் பாருங்க. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். பழைய தட்டோடு 30 சதவீதம் திருப்பினா 700 வாட் உள்ளே இறங்குது. சாதாரண வெள்ளை எலாஸ்டோமெரிக் பூச்சு (ரப்பர் மாதிரி நீளற பெயின்ட்) புதுசுல 80 சதவீதம் திருப்பும். அப்போ இறங்கறது 200. இந்த 500 வாட் மிச்சத்துக்கும் ஈரப்பதத்துக்கும் சம்பந்தமில்லை. எண்பதிலிருந்து தொண்ணூத்தெட்டுக்குப் போனா மேற்கொண்டு கிடைக்கறது 180 தான். பெரிய பங்கு சாதாரண வெள்ளையிலேயே வந்துடுது.

"15 டிகிரி" என்பது கூரையோட மேல்பரப்புச் சூடு, வெயில்ல நின்னு துப்பாக்கி மாதிரி இருக்கற அகச்சிவப்பு தெர்மாமீட்டரைக் காட்டி அளந்தது. அறைக்காத்து அவ்வளவு குறையாது. கடையில கேட்க வேண்டியது ரெண்டு: சூரிய ஒளி பிரதிபலிப்பு எத்தனை சதவீதம், மூணு வருஷம் வெயில் மழை பட்ட பிறகு எத்தனை. ரெண்டாவது எண்ணைக் காட்டலைன்னா விலையைப் பேசவே வேண்டாம்.

பேரியம் சல்பேட் பவுடரை வாங்கி சுண்ணாம்புல கலக்கறதும் வேண்டாம். பர்டியூ பெயின்ட்ல துகள்கள் வேணும்னே பல அளவுல இருக்கு, ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு அலைநீளத்தைச் சிதறடிக்க. அதுவும் கன அளவுல 60 சதவீதம். அவ்வளவு தூளைப் பிடிச்சு வைக்க பைண்டர் சரியா அமையணும். வீட்டுல கலக்கினா முதல் மழையில மாவா கரைஞ்சு வடிகாலுக்குப் போயிடும்.

பணம் ஒரு வேலைக்குத்தான்னா சுண்ணாம்பே போதும். புதுசா அடிச்ச சுண்ணாம்பு வெயிலைத் திருப்பறதுல எலாஸ்டோமெரிக்குக்குப் பக்கத்துல வரும். ஐப்பசி மழையில போயிடும், ஒவ்வொரு மாசிக்கும் மறுபடி அடிக்கணும், அவ்வளவுதான் குறை.

பூச்சுன்னு முடிவு பண்ணினா வேலை இப்படி. கம்பி பிரஷ்ஷால பாசியைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் தண்ணி ஊத்தி, கழுவி, ரெண்டு நாள் முழுசா காய விடுங்க. தட்டோட்டு இடுக்குல சாந்து போன இடத்தை முதல்ல அடைக்கணும். ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. காலையில அடியில வியர்த்திருந்தா தளத்துக்குள்ள ஈரம் இருக்கு. அது மேல அடிச்சா வெயில்ல ஆவி கிளம்பி அப்பளம் மாதிரி உப்பும். பிரைமர் ஒரு கை, பிறகு ரெண்டு கை, முதல் கை நெடுக்குல, ரெண்டாவது குறுக்குல. காலை ஒன்பதுக்குள்ள இல்லாட்டி நாலு மணிக்கு மேல. கொதிக்கற தளத்துல அடிச்சா மேல்தோல் மட்டும் காஞ்சு வெடிக்கும். முடிச்ச பிறகு மாசம் ஒரு தடவை தூசியைக் கழுவுங்க. அழுக்கு வெள்ளை பாதி வெள்ளைதான்.

வேர்வை_கணக்கு:

35, 31 இரண்டும் சரி. அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

35 என்பது 2010-இல் ஷெர்வுட், ஹியூபர் இருவரும் வைத்த கோட்பாட்டு எல்லை. தோலின் சூடு சுமார் 35. ஈரக்குமிழ் அதைத் தொட்டுவிட்டால், நிழலில், நனைந்த உடம்போடு, ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்தாலும் சூடு வெளியேற வழியில்லை. 2022-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மனிதர்களை வைத்தே அளந்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களை வெப்பநிலை காட்டும் மாத்திரையை விழுங்கச் செய்து, வீட்டு வேலை அளவுக்கு லேசான உழைப்பு கொடுத்தார்கள். ஈரமான வெக்கையில் சுமார் 30.6 ஈரக்குமிழிலேயே உடலின் உள்சூடு நிலைகொள்ளாமல் ஏறத் தொடங்கியது. வறண்ட வெக்கையில் 25 முதல் 28-க்குள்ளேயே ஏறியது, வேர்வை சுரக்கும் வேகம் போதாததால். ஏறத் தொடங்குவது உடனடி மரணம் இல்லை. ஆனால் மணிக்கணக்கில் நீடித்தால் அங்கேதான் போய் நிற்கும். முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

இதைச் சென்னைக்குக் கொண்டுவருவோம். 38 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் ஈரக்குமிழ் சுமார் 29. கடல்காற்று உள்ளே வந்த பிறகு 34 டிகிரி, 70 சதவீதம்: அதுவும் சுமார் 29 தான். நான்கு டிகிரி இறங்கியதென்று நிம்மதி அடைகிறோம், வேர்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. மேலே நண்பர் சொன்ன நீராவி வானத்து ஜன்னலை மட்டும் மூடவில்லை, தோலின் ஜன்னலையும் மூடுகிறது.

சும்மா படுத்திருக்கும் உடம்பு சுமார் 100 வாட் சூடு உண்டாக்கும். ஒரு கிராம் வேர்வை ஆவியானால் ஏறக்குறைய 2.4 கிலோஜூல் போகும். 100 வாட்டையும் வேர்வையால் மட்டுமே இறக்க மணிக்கு 150 மில்லி ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தலையணையில் சொட்டுவது கணக்கில் சேராது.

ஃபேன் வேலை செய்வது இந்த இடத்தில்தான். காற்று 35-ஐத் தாண்டினால் ஃபேன் சூட்டைத் தோல் மேல் வீசும், அதே நேரம் வேர்வையை வேகமாக ஆவியாக்கும். எது ஜெயிக்கும் என்பதுதான் விஷயம். 2021-இல் சிட்னி ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் இளையவர்களுக்கு 39 டிகிரி வரை, 65 கடந்தவர்களுக்கு 38 வரை, வேர்வையைக் குறைக்கும் மருந்து எடுக்கும் முதியவர்களுக்கு 37 வரை ஃபேன் நல்லது. ஆனால் 2024-இல் கனடாவில் முதியவர்களை 36 டிகிரி, 45 சதவீத ஈரப்பதத்தில் எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்தபோது ஃபேனால் உள்சூடு குறிப்பிடும்படி இறங்கவில்லை. காரணம் எளிது: வயதானால் வேர்வை குறைவு, ஆவியாக்க ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் வேர்வையை வெளியிலிருந்து கொடுங்கள். ஸ்பிரே பாட்டிலில் குழாய்த் தண்ணீர், முன்கை, கழுத்து, முகம், கால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஃபேன் ஓட. இந்தப் பக்கத்தில் செலவே இல்லாத ஒரே வைத்தியம் இதுதான், நான் முதலில் வைப்பது இதைத்தான். ஈரப் போர்வையை அறைக்குள் தொங்கவிடாதீர்கள். அது அறையின் ஈரப்பதத்தை ஏற்றித் தோலின் வேலையைக் கெடுக்கும். ஏர்கூலரும் அப்படியே. ஜன்னல் திறந்திருந்தால் காய்ந்த மதியத்தில் உதவும், கடல்காற்று வந்த பிறகு அணைத்துவிடுங்கள்.

மாடிவீடு_பெரம்பூர்:

ரொம்ப நன்றி சார், ரெண்டு பேருக்கும். ஆன்லைன்ல வாங்கின ஈரப்பத மீட்டர் 58 காட்டுது, போன்ல 76. எதை நம்பறது?

வேர்வை_கணக்கு:

போன் காட்டுவது வானிலை நிலையத்தின் கணக்கு, உங்கள் அறை இல்லை. மீட்டரைச் சோதிக்க ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் நிற்கும், அது உப்பின் குணம். மீட்டர் 66 காட்டினால் எப்போதும் ஒன்பது கூட்டிக்கொள்ளுங்கள்.

மாத்திரை_அட்டை:

அம்மாவின் மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

நீர் பிரியும் மாத்திரை தண்ணீரோடு சோடியத்தையும் வெளியேற்றும். வெயில் காலத்தில் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லி வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் கொடுத்தால், குறிப்பாக தையசைடு வகை மாத்திரையில், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தள்ளாட்டம், குமட்டல், பேச்சு குழறல் வரும். வீட்டில் அதை "வயசு" என்று விட்டுவிடுவார்கள். கோடை தொடங்கும் முன் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றும் பார்த்து, அளவை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ இறங்கினால் அது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். இதய பலவீனம் இருப்பவர்களுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்சிபியூட்டினின், நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்றவை வேர்வையைக் குறைக்கும். மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துப் பெயர் பாருங்கள்.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 20.5 கிராம், முழு ஒரு லிட்டருக்கு. ஒரு டம்ளரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுவது அடிக்கடி நடக்கும் தப்பு. உப்பு மிகையாகி தாகமும் வாந்தியும் கூடும். பிரஷர் உள்ளவருக்கு அதைத் தினசரி பானமாக வைக்காதீர்கள். சாதாரண நாளில் சாப்பாடும் நீர்மோரும் போதும்.

உடல் கொதிக்கிறது, பேச்சு தடுமாறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். தோல் காய்ந்தே இருக்கலாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஃபேனைப் போடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறும்.

ராத்திரி_தூக்கம்:

எட்டு மணிச் சூட்டுக்குக் காரணம் கூரைதான். மதியம் குடிச்ச வெயில் காங்கிரீட்டையும் ஜல்லித் தளத்தையும் தாண்டி உள்ளே வர பல மணி நேரம் ஆகும். அதனால காத்து குளிர்ந்த பிறகும் சீலிங் கீழே படுத்திருக்கறவர் மேல கதிரா விடுது. தூக்கம் வரணும்னா உள்சூடு இறங்கணும். அதுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் ரத்தக்குழாய்கள் விரிஞ்சு சூட்டை வெளியே விடும். சுடற சீலிங்கும் ஈரக்காத்தும் சேர்ந்தா அது நடக்கறதில்லை. 2016 வெயில் அலையில பாஸ்டன்ல 44 மாணவர்களைக் கவனிச்சாங்க. ஏசி இல்லாத கட்டடத்துல தூங்கி எழுந்தவங்க காலைச் சோதனையில சுமார் 13 சதவீதம் மெதுவா பதில் சொன்னாங்க. இருபது வயசுப் பசங்களுக்கே அப்படி. காலையில அம்மா தடுமாறி நடந்தா சோடியத்தோட ராத்திரி அறையையும் பாருங்க.

படுக்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் குளிச்சா தோல் குழாய்கள் விரிஞ்சு தூக்கம் சீக்கிரம் வரும்னு 2019 தொகுப்பாய்வு சொல்லுது. அதுல சொன்ன சூடு 40 டிகிரிக்கு மேல. மே மாசம் மாடி பிளாஸ்டிக் டேங்க் தண்ணிக்குத் தனியா சூடு வேண்டாம். ஐஸ் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, குழாய்கள் சுருங்கிடும்.

பூச்சு அடிக்கற வரைக்கும் ஒரு வழி இருக்கு. சூரியன் இறங்கினதும் ஆர்.ஓ. மிஷின்ல கழிஞ்சு போற தண்ணியைப் பூவாளியில தட்டோட்டு மேல தெளிங்க, சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். சூடான ஓடு அதை ஆவியாக்கியே தீரும். கூரையிலிருந்து ஏறக்குறைய 2400 கிலோஜூல் போகும். உங்க அஞ்சு இன்ச் காங்கிரீட் ஒரு டிகிரி இறங்க சதுர மீட்டருக்கு 260 கிலோஜூல் மாதிரி வேணும், அதனால பலன் தெரியும். தேங்க விடாதீங்க, இடுக்குல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

வெள்ளைப்பூச்சு:

தெளிக்கறது சரி. ஆனா பூச்சு வேலைக்கு நாலு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, இல்லைன்னா பாலித்தீன் தாள் காலையில வியர்த்துத்தான் இருக்கும்.