‘திடீர்’ வேண்டாம்: ரேப்பிட் இன்டென்சிஃபிகேஷனுக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

ஒரு புயல் குறுகிய நேரத்தில் வெகுவாக வலுப்பதை ஆங்கிலத்தில் ரேப்பிட் இன்டென்சிஃபிகேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் தந்த ‘திடீர்த் தீவிரமாக்கம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பாதியும் எனக்கு இடறுகிறது.

‘தீவிரம்’ நம் வானிலை அறிக்கையில் ஏற்கெனவே ஒரு படிநிலையின் பெயர். புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்று ஏறும் வரிசையில் ‘தீவிரமானது’ என்றால் எந்தப் படி என்ற குழப்பம் வரும். ‘ஆக்கம்’ வேறு, யாரோ உட்கார்ந்து செய்த வேலை போல.

‘திடீர்’ இன்னும் சிக்கல். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அளவுகோல் உண்டு: 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் குறைந்தது 30 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர், கூட வேண்டும். ஆழம்வரை வெதுவெதுப்பான கடல், நிறைய ஈரம், உயரத்துக்கு உயரம் அதிகம் மாறாத காற்று, இவை சேர்ந்தால் நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லவும் முயல்கிறார்கள். ‘நாளை மதியம் திடீரென்று’ என எந்த அறிக்கையாவது எழுத முடியுமா?

2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ் புயல் திடீர்தானே என்பீர்கள். ஒரே நாளுக்குள் வெப்பமண்டலப் புயல் ஐந்தாம் வகைச் சூறாவளியாகிவிட்டது, அதுதான் உச்ச வகை. கணினி மாதிரிகள் கோட்டைவிட்டன. சரி, அது கணிப்பின் குறை. கலைச்சொல் புயல் செய்வதைச் சொல்லட்டும், நாம் அதிர்ந்ததை எதற்குச் சொல்ல வேண்டும்?

மழை வலுத்தது, காற்று வலுத்தது என்று எல்லோரும் சொல்கிறோம். அறிக்கையும் ‘வலுப்பெறும்’, ‘வலுவிழக்கும்’ என்றே பேசுகிறது. அதிலிருந்து முதலில் ‘விரைவலுப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் ‘விரைவு + அலுப்பு’ என்று பிரித்துப் படித்துச் சிரித்தார்கள். விட்டுவிட்டேன்.

இப்போது என் பரிந்துரை ‘விரைந்து வலுத்தல்’. கொஞ்சம் நீளம்தான். ஆனால் ‘புயல் விரைந்து வலுக்கிறது’ என்று வானொலியில் அப்படியே வாசிக்கலாம். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாள் காலை குமரிக்கடலில் புயல். டிசம்பர் 1 அன்று மிகத் தீவிரப் புயல். படகில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் அகராதி தேவைப்படக் கூடாது. எதிர்ச்சொல்லும் தானாகவே வருகிறது: விரைந்து வலுவிழத்தல்.

‘கடுகி’ என்றாலும் விரைந்து என்றுதான் பொருள்; நீங்கள் ‘கடுகி வலுத்தல்’ என்றாலும் எனக்குச் சம்மதமே. ‘திடீர்’ மட்டும் வேண்டாம்.