பொன்மலையில் பிறந்தவனுக்கு லிவர்பூல் எப்படி 'நம்ம டீம்' ஆகும்?

சங்குச்சத்தம் (பொன்மலை)

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சி பொன்மலையில் உள்ளூர் கால்பந்து அணிகளுக்கான இறுதிப் போட்டி. அன்றைக்கு வாரச்சந்தை, அங்கே கால் வைக்க இடமில்லை. மைதானத்தில் ஆடிய பிள்ளைகளின் வீட்டு ஆட்களும், ரயில்வே பென்ஷன்காரர்கள் சில பேரும்தான் இருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு டிவியில் இங்கிலாந்து அணியான லிவர்பூலின் ஆட்டம். எங்கள் தெருவில் ஒரு மொட்டை மாடி முழுக்க சிவப்பு ஜெர்சி, நள்ளிரவு வரை கத்தல். அதில் பாதிப் பேர் சாயங்காலம் ஆடிய அதே பிள்ளைகளோடு வளர்ந்தவர்கள். ஒருத்தனும் மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு இது வலிக்கிறது. அதனால் நேராகவே கேட்கிறேன், தலைப்பில் இருப்பதுதான் கேள்வி.

லிவர்பூல்காரன் அந்த அணிக்கு ஏன் உயிரை விடுகிறான் என்று பாருங்கள். அது துறைமுக ஊர். 1995-இல் வேலையை இழந்த துறைமுகத் தொழிலாளர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 1997 மார்ச்சில் லிவர்பூல் வீரர் ராபி ஃபவுலர் கோல் அடித்த கையோடு ஜெர்சியைத் தூக்கி, உள்ளே போட்டிருந்த பனியனைக் காட்டினார். அந்தத் தொழிலாளர்களுக்கு ஆதரவான வாசகம் அதில் இருந்தது. ஐரோப்பிய கால்பந்துச் சங்கம் அவருக்கு அபராதம் போட்டது. அப்புறம் ஜேமி காராகர். பக்கத்தில் பூட்டில் பகுதியில் வளர்ந்து, லிவர்பூல் ஒன்றுக்கே 737 ஆட்டம் ஆடியவர். இன்றைக்கும் டிவியில் ஊர்ப் பேச்சில்தான் பேசுகிறார். கிண்டல் செய்பவர்கள் இங்கிலாந்திலேயே உண்டு. அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

நம்மிடம் அப்படி எதுவும் இல்லையா? 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து ரயில்வே தொழிலாளர்கள் செத்தார்கள். இன்றும் அந்தத் தேதியில் அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே இங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஃபவுலரின் பனியன் கதை தெரிந்த பையனிடம் செப்டம்பர் 5 என்னவென்று கேட்டால் முழிக்கிறான். ஊர் அணி ஆடும்போது வந்து நிற்பதுதான் ஊர்ப் பற்று. வேறு எதையும் நான் அந்தப் பெயரில் ஏற்க மாட்டேன்.

கடைமடை (வேதாரண்யம் பக்கம்)

சங்கு அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன்.

முதலில் உங்கள் ஒர்க்‌ஷாப் எங்கிருந்து வந்தது? தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதை நாகப்பட்டினத்தில் வைத்திருந்தது. 1861-இல் நாகையிலிருந்துதான் தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. 1920-களின் கடைசியில் ஒர்க்‌ஷாப்பைப் பெயர்த்துப் பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். 1928 வேலைநிறுத்தம் வெடித்ததற்கு ஆட்குறைப்போடு இந்த இடமாற்றமும் ஒரு காரணம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் அதற்காகச் சிறைக்குப் போனார். நீங்கள் பெருமையாகப் பெயரில் வைத்திருக்கும் அந்த ஒர்க்‌ஷாப் சங்கு ஒருகாலத்தில் நாகையில் ஊத வேண்டியது. எங்கள் பக்கம் கப்பலும் போச்சு, ஒர்க்‌ஷாப்பும் போச்சு.

உங்கள் இங்கிலாந்திலேயே ஆர்சனல் அணி 1886-இல் லண்டனில் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் ஆரம்பித்தது. 1913-இல் ஆற்றைத் தாண்டி ஊரின் வடக்கே போய்விட்டது. இங்கே சென்னை சிட்டி என்று பெயர் வைத்த அணி கோயம்புத்தூரில் ஆடி 2018-19-இல் ஐ-லீக் என்ற இந்திய கிளப் போட்டியின் கோப்பையை வாங்கியது. அணிகளே ஊர் மாறுகிறபோது ரசிகன் மட்டும் பிறந்த இடத்தில் முளையடித்து நிற்க வேண்டுமா?

சரி, நான் யாருக்குக் கத்துவது? சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2017-18-லும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கியபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் நேரு ஸ்டேடியத்துக்கு ராத்திரி பஸ் ஏறிப் போய், டிக்கெட் எடுத்து, மறுநாள் உப்பளத்தில் ஒரு நாள் கூலியை விட வேண்டும். எனக்குச் சென்னையும் லிவர்பூலும் ஒரே செல்போன் திரையில்தான் ஆடுகின்றன. துறைமுகக் கூலிக்காரர்களுக்காக ஒருத்தன் பனியனைக் காட்டினான் என்றால் அது எனக்குப் பிறத்தியார் கதை இல்லை. என் அப்பாவும் நானும் பாத்தியில் நிற்கிறவர்கள்.

எங்களுக்கு மைதானம் என்று ஒன்று கிடையாது. சம்பா அறுவடை முடிந்து மாட்டை மேயவிட்ட பிறகுதான் வயலில் ஆட முடியும். மூங்கில் கம்பம் இரண்டு, எல்லைக்கோடு வரப்பு. அறுத்த தாள் உள்ளங்காலைக் குத்தும். மாசி வெயிலில் தரை வெடித்து, உருண்டு வரும் பந்து வெடிப்பில் மாட்டித் திசை திரும்பும். ஆற்றில் தண்ணீர் வந்து உழவு ஓட்டினால் அந்த வருஷ ஆட்டம் முடிந்தது. இந்த வயலுக்கு எந்த அணியின் பெயரை வைத்து நான் விசுவாசமாக இருப்பது?

சங்குச்சத்தம்

தம்பி, என் தாத்தாவே நாகையிலிருந்து கலாசியாக, அதாவது ஒர்க்‌ஷாப் உதவியாளாக, வந்தவர்தான். அதனால்தான் பேசுகிறேன். பொன்மலைக்குப் பூர்வகுடி என்று யார் இருந்தார்கள்? நாகைக்காரர், மலையாளி, தெலுங்கர், ஆங்கிலோ இந்தியர் என்று நாலா பக்கத்து ஆட்களைக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸில் குடிவைத்தார்கள். அது ஊரானது ஒர்க்‌ஷாப்பின் ஆர்மரி கேட்டில் ஒன்றாக நின்றதாலும், சாயங்காலம் ஒரே மைதானத்தில் ஆடியதாலும். எங்கள் பேச்சும் அப்படிக் கலந்து வந்ததுதான்.

ஆர்சனலைச் சொன்னீர்கள், மான்செஸ்டர் யுனைடெட்டைச் சொல்லவில்லையே. 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில்வேயின் கேரேஜ், வேகன் பிரிவுத் தொழிலாளர்கள் ஆரம்பித்த அணி. 1902-இல்தான் இந்தப் பெயர் வந்தது. பொன்மலையிலும் அதே கேரேஜ், வேகன் வேலைதான். நம் ரயில்வே அணி 1960-களில் மூன்று முறை சந்தோஷ் கோப்பை என்ற தேசியக் கால்பந்துக் கோப்பையை வென்றிருக்கிறது. நியூட்டன் ஹீத் ஆட்கள் 'நம்ம அணி சின்னது' என்று வேறு ஊர் ஆட்டம் பார்க்கப் போயிருந்தால் யுனைடெட் ஏது? முதல் வருஷங்களில் வந்து நின்றவன்தான் அணியை உண்டாக்குகிறான். உங்கள் வயலுக்கும் அதுதான் என் பதில். பெயர் இல்லையென்றால் நீங்கள் வையுங்கள்.

நாகூர் நானா

பேச்சு விஷயத்தைச் சங்கு அண்ணன் ஒரு வரியில் தாண்டிவிட்டார். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

நான் சென்னையில் ஒரு கல்லூரி அணியில் ஆடினேன். எங்கள் பக்கம் "வர்றியளா", "பசியாறிட்டியளா" என்றுதான் பேசுவோம். முதல் வாரமே அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் விங்கில் பந்து கேட்டுக் கத்தினால், பந்து வருவதற்கு முன்னால் என் குரல் மாதிரியே நாலு பேர் கத்துவார்கள். கொஞ்ச நாளில் ஆட்டத்தில் வாயைத் திறப்பதையே விட்டேன். பந்து கேட்காத விங்கருக்கு யார் பந்து கொடுப்பார்கள்? பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காராகர் தன் பேச்சை மாற்றவில்லை என்றால் அவரைச் சுற்றி அதே பேச்சு பேசும் ஒரு ஊரே இருந்தது. தனியாகப் போகிறவனுக்கு அந்தத் தைரியத்தை யார் கொடுப்பது?

2022 உலகக் கோப்பைக்கு ஜியோ சினிமாவில் தமிழ் வர்ணனை வந்தது. வந்ததே பெரிய விஷயம், நானும் அதில்தான் பார்த்தேன். ஆனால் திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆட்டங்களில் மைக் பிடிக்கிற அண்ணன்களைக் கேட்டிருக்கிறீர்களா? "மஞ்ச பனியன் தம்பி உள்ள பூந்துட்டாப்ல, ரெண்டு பேரக் கழட்டிட்டாப்ல, அடிச்சாப்ல... கம்பத்துல பட்ருச்சு!" அந்த 'ஆப்ல'வில் மரியாதையும் இருக்கிறது, தோளில் கை போடுகிற உரிமையும் இருக்கிறது. ஆடுகிறவன் நம்ம பையன் என்று கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு மறுபடி பூட்ஸ் மாட்டத் தோன்றும்.

ஊர்ப் பற்று வேண்டும் என்றால் ஜெர்சியை விடுங்கள். உங்கள் பிள்ளை வெளியூரில் வாயைத் திறந்து பந்து கேட்கிறானா என்று பாருங்கள்.

காரைக்கால் 10

எங்கள் ஊர்க் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எங்கள் சொந்தத்தில் பாதி பாரிஸ் பக்கம். 2018 உலகக் கோப்பை இறுதியில் குரோஷியாவை 4-2 என்று பிரான்ஸ் ஜெயித்தபோது பெரியப்பா அங்கிருந்து போனில் அழுதார், நாங்கள் இங்கே அழுதோம். பிரான்ஸ் வீரர் எம்பாப்பே வளர்ந்த, பாரிஸ் பக்கத்து போண்டியும் உழைக்கிற ஜனங்கள் இருக்கும் புறநகர்தான். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஊர் இருக்கலாம் என்றால் இரண்டு அணியும் இருக்கலாம். சங்கு அண்ணன் எங்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொன்னால் அது அநியாயம்.

விசில் டீச்சர் (மன்னார்குடி பக்கம்)

அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். நாலு பேர் பேசிவிட்டீர்கள், பெண் பிள்ளைகள் யார் வாயிலும் வரவில்லை.

எங்கள் பள்ளியில் ஆட வரும் பெண்கள் பெரும்பாலும் விவசாயக் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். சங்கு சார் கோபப்படும் அந்த வெளிநாட்டு ஜெர்சிதான் அவர்களை மைதானத்துக்கு இழுத்தது. அண்ணன் போட்டுத் தேய்ந்த ஜெர்சியை வாங்கி, இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அதைக் கழற்று என்று நான் சொல்ல மாட்டேன். பந்தை எப்படி நிறுத்துவது என்பதை டிவியில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள், நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் ஒன்றில் நான் சங்கு சார் பக்கம். ஊர்க்காரர்கள் வந்து நிற்பதற்கு ஒரு பலன் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் 'போதும், நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாலு பேர் மைதானத்துக்கு வந்து கை தட்டினால், அப்பாக்கள் வீட்டில் பேசும் பேச்சு மாறுகிறது. இதைக் கண்ணால் பார்த்தேன். கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர். மதுரை சேது அணி 2018-19-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூரிலிருந்து ஒருவர் வரலாம் என்றால் கோட்டூரிலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் ஏன் வரக்கூடாது? சுண்ணாம்புக் கோடு போட ஆள் இல்லாமல் நானே போட்டுவிட்டு நானே விசில் ஊதுகிறேன். விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து கோடு போட்டுக் கொடுங்கள்.

கடைமடை

டீச்சர், கோட்டூர் எனக்கு ஒரு பஸ்தான். ஆட்டம் என்றைக்கு என்று போடுங்கள், சுண்ணாம்போடு வருகிறேன். ஆனால் லிவர்பூல் ஜெர்சியில்தான் வருவேன். அதைப் போட்டுக்கொண்டு கோடு போட்டால் என் ஊர்ப் பற்று குறையும் என்று சங்கு அண்ணன் நினைத்தால், அவருக்கும் எனக்கும் இந்தச் சண்டை தீராது.

சங்குச்சத்தம்

தீர வேண்டாம் தம்பி. நீங்கள் கோடு போட வருவது எனக்கு மனநிறைவு. ஆனால் நாகூர் நானா சொன்னதை நினைத்துப் பாருங்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்த அன்றைக்கு, எல்லைக்கோட்டுக்கு வெளியே நாகூர்க்காரர்கள் பத்துப் பேர் நின்று "நானா, மேல ஏறுங்க, பந்து கேளுங்க" என்று கத்தியிருந்தால்? லிவர்பூலுக்கு நீங்கள் கத்துவது அங்கே யார் காதிலும் விழாது. இங்கே விழும். வரும் ஞாயிறு பொன்மலையில் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டம், சாயங்காலம் நாலு மணிக்கு. காரைக்கால் தம்பியையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன், பிரான்ஸ் ஜெர்சியோடு வந்தாலும் சரி. டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு காட்சி ஆட்டம் கேட்டிருக்கிறேன். மைக் பிடிக்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நாகூர் நானா

மைக்கை என்னிடம் கொடுங்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் சொல்வேன், மாற்றச் சொல்லக் கூடாது.