மறு: ஹௌமைக்கு ‘ஆணவம்’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

சீக்கியச் சமயச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நாம் தொகுக்கும் பட்டியலில் முக்கால்வாசிக்குப் பெரிய தகராறு இல்லை. குருத்வாரா (வழிபாட்டிடம்), லங்கர் (அங்கே நடக்கும் பொதுச் சமையலறை), கால்சா (குரு கோவிந்தர் நிறுவிய சீக்கியர் அமைப்பு) மூன்றையும் ஒலிபெயர்த்தே எழுதுவோம். கால்சாவைப் பாரதியே ‘குரு கோவிந்தர்’ பாட்டில் ‘காலசா’ என்றுதான் எழுதினார், மொழிபெயர்க்கவில்லை. இழை ஹௌமையில், அதாவது எல்லாவற்றையும் ‘நான்’ என்பதிலேயே நின்று பார்க்கும் நிலைக்கு என்ன சொல் என்பதில், வந்து நிற்கிறது, நிற்கவேண்டிய இடமும் அதுதான்.

> ஆணவம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இருப்பதுதான் சிக்கல், ஐயா. சைவ சித்தாந்தம் படித்தவருக்கு ஆணவம் என்பது உயிரைக் கட்டும் மூன்று அழுக்குகளான மும்மலத்தில் ஒன்று. செம்பில் களிம்புபோல் அநாதியாக உயிரைப் பற்றியது. அந்தச் சொல்லைப் போட்டால் பின்னாலேயே கன்மமும் மாயையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். குரு நானக் அந்தக் கட்டுமானத்தில் பேசவில்லை. சித்தாந்தம் படிக்காதவருக்கோ ஆணவம் என்றால் வெறும் திமிர். ‘ஆணவக்காரன்’ என்று யாரைச் சொல்வோம்? அடக்கமாகப் பேசி, அள்ளிக் கொடுத்து, கொடுத்ததை மனத்துக்குள் கணக்கு வைத்திருப்பவரைச் சொல்லமாட்டோம். ஹௌமை அவரிடமும் உண்டு.

> அப்படியானால் அகங்காரம்?

அந்த இருக்கையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. காம், குரோத், லோப், மோஹ், அஹங்கார் என்று ஐந்து திருடர்களைச் சீக்கிய மரபு எண்ணுகிறது. ஐந்தாவதற்கு அகங்காரத்தைக் கொடுத்தாக வேண்டும். ஹௌமைக்கும் அதையே கொடுத்தால், திருடனும் அவன் ஒளிந்திருக்கும் வீடும் ஒரே பெயரில் வரும். ‘தன்முனைப்பு’ என்று இழையில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். தன்னம்பிக்கைக் கூட்டங்களில் அதையே பாராட்டாகச் சொல்கிறார்கள். வேண்டாமே.

எந்தச் சொல்லானாலும் பாட்டில் வைத்துப் பார்க்காமல் முடிவுசெய்ய முடியாது. விடியற்காலையில் குருத்வாராக்களில் பாடப்படும் ‘ஆசா தி வார்’ என்ற நீண்ட பாடல் இதற்குச் சரியான உரைகல். ‘ஹௌ விச் ஆயா, ஹௌ விச் கயா’ என்று தொடங்கும் நானக்கின் சலோகம் (சிறுபாட்டு) அதில் இருக்கிறது. ஏறக்குறைய இப்படித் தமிழாகும்:

நானிலே வந்தான், நானிலே போனான்;
நானிலே பிறந்தான், நானிலே இறந்தான்;
நானிலே கொடுத்தான், நானிலே வாங்கினான்.

மேலே படித்தால் மெய்யனும் பொய்யனும் நானிலேதான், பாவ புண்ணியக் கணக்கும் நானிலேதான், சிரிப்பும் அழுகையும் அதற்குள்ளேதான். கவனியுங்கள், புண்ணியமும் உள்ளே வந்துவிட்டது. ‘செருக்கு’ என்ற பொருளுள்ள எந்தச் சொல்லும் இங்கே முறிந்துவிடும். செருக்கோடு பிறந்தான் என்றா எழுதுவது? (‘நானிலே’ என்றதும் குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் என்று நானிலம் நினைவுக்கு வருகிறவர்கள் சற்றுப் பொறுக்கவும். அங்கேதான் வருகிறேன்.)

ஹௌ, மை இரண்டுமே ‘நான்’தான். ஆகவே இழையில் முதலில் வந்த ‘நான்மை’யே எனக்குப் பிடித்திருக்கிறது. ஹௌமையின் கடைசி எழுத்தும் நம் பண்புப்பெயர் விகுதியும் ஒத்து ஒலிப்பது தற்செயல், அதை ஒரு காரணமாக யாரும் எழுதிவிட வேண்டாம். எதிர்ப்பு ஒன்றுதான்: நான்மறை, நான்மாடக்கூடல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நான்மை ‘நான்கின் தன்மை’ போலத் தெரியும். உண்மைதான். அதற்காக ‘யான்மை’ என்று மாற்றச் சொல்கிறார்கள். ‘யான் எனது என்னும் செருக்கு’ என்ற குறளின் துணையும் அதற்கு உண்டு. ஆனால் மேலே உள்ள மூன்று வரியை ‘யானிலே வந்தான்’ என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். யானை வந்த மாதிரி இருக்கிறது. பாட்டில் ‘நான்’ என்றும் விளக்கத்தில் ‘யான்மை’ என்றும் வைத்தால் இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவை வாசகர் எப்படிப் பிடிப்பார்?

நான்மையை இன்னும் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதே வாரில், அடுத்த சலோகம் இரண்டாம் குருவான அங்கத் பாடியது: நான்மை நீண்ட நோய், மருந்தும் அதற்குள்ளேயே. நிற்கிறது.

மூன்றாம் குருவான அமர்தாஸ்: நான்மைக்கும் நாமத்துக்கும் (இறைவன் பெயருக்கும்) பகை, இரண்டும் ஓரிடத்தில் குடியிருக்காது. இங்கேயும் நிற்கிறது. ‘ஆணவத்துக்கும் நாமத்துக்கும் பகை’ என்றிருந்தால் சாதாரண அறிவுரையாகச் சுருங்கியிருக்கும்.

மூன்றாவது இடம், நானக்கின் ‘ஜப்ஜி’ என்ற பாடலின் இரண்டாம் பௌரி (பாட்டின் பத்தி). எல்லாம் ஹுகத்துக்குள் (இறைவன் கட்டளைக்குள்), வெளியே எதுவுமில்லை. ஹுகத்தை உணர்ந்தவர் நான்மை பேசமாட்டார். ஹௌமைக்கு எதிர்ச்சொல் பணிவு அல்ல, ஹுகம் என்பது இங்கே தெரிகிறது. ஆகையால் இரண்டையும் ஒன்றாகவே முடிவுசெய்ய வேண்டும். ஹுகத்துக்கு ‘விதி’, ‘ஊழ்’ என்று வந்த பரிந்துரைகளை விட்டுவிடலாம். இரண்டிலும் வினைப்பயனின் வாடை அடிக்கிறது. இடுபவன் ஒருவன் இருக்கிறான் என்பது தெரியவில்லை. ‘ஆணை’ போதும். ஹுகம்நாமாவுக்கு ‘ஆணைமொழி’. அன்றைய நாளுக்காகச் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபைத் திறந்து வாசிக்கும் பகுதிக்கும், குருமார்கள் அக்காலத்தில் சங்கத்துகளுக்கு (அடியார் கூட்டங்களுக்கு) எழுதிய மடல்களுக்கும் அதே பெயர்தான்; தமிழிலும் ஒரே சொல் இருக்கட்டும்.

கால்சா சீக்கியரின் அடையாளங்களான ஐந்து ககரம் பற்றிக் கேட்டவருக்கு: கேஷ், கங்கா, கடா, கச்சேரா, கிர்பான் ஐந்தையும் முடி, சீப்பு, வளையம், அரைக்கால்சட்டை, குறுவாள் என்று மொழிபெயர்த்தால் ககரமே காணாமல் போகும். ஒலிபெயர்த்தாலோ கங்கா நதியாகவும் கடா ஆடாகவும் ஆகிவிடும். கேசம், காப்பு, கச்சை மூன்றும் பொருளும் குறையாமல் ககரமும் குறையாமல் வருகின்றன. கிர்பான் அப்படியே இருக்கலாம், செய்தித்தாள் படிப்பவர்களுக்கு அது தெரிந்த சொல். சீப்புதான் வழிக்கு வரமாட்டேன் என்கிறது. ககரத்தில் யாரிடமாவது ஒரு வட்டாரச் சொல் இருந்தால் அனுப்புங்கள்.

மன்முக், குர்முக் இரண்டையும் அடுத்த மடலுக்கு ஒத்திவைக்கலாம் என்று சொல்லியிருந்தீர்கள். குர்முக் குருவின் பக்கம் திரும்பியிருப்பவன்; அதற்குக் ‘குருமுகன்’ சிரமமில்லை, ‘குருமுகமாகக் கேட்டது’ என்பது நம் பேச்சிலேயே உண்டு. மன்முக் நான்மையில் நடப்பவன், தன் மனம் காட்டும் பக்கமே திரும்பியிருப்பவன். ‘மனமுகன்’ என்றால் கேட்பவருக்கு ஏதோ பாராட்டுபோலப் படுகிறது. ‘மனம்போக்கன்’ என்று ஒன்று தோன்றுகிறது. கொஞ்சம் வசைபோல இருக்கிறதோ என்ற தயக்கத்தோடு வைக்கிறேன். அடித்து நொறுக்குங்கள்.