மரியா வரேலா டீச்சரா, போட்டோகிராபரா, ஆடு வளர்த்தவரா?

மழைத்துளி:
அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1966இல் மிசிசிப்பியில் நடந்த மெரிடித் பேரணிப் படங்கள் சிலவற்றின் கீழே மரியா வரேலா என்று பெயர். லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண், அந்த இயக்கத்துக்குள் கேமராவோடு எப்படி வந்தார்? தேடினால் ஒரு இடத்தில் ஆசிரியை என்கிறார்கள், இன்னொரு இடத்தில் நியூ மெக்சிகோவில் ஆடு வளர்ப்போர் கூட்டுறவு தொடங்கியவர் என்கிறார்கள். ஒரே ஆள்தானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், இரண்டு நாளாக இதே நினைப்பு.

இருட்டறை:
ஒரே ஆள்தான். கேமராவுக்கு முன்னால் வகுப்பறைதான் வந்தது. 1963இல் ஸ்னிக் என்ற மாணவர் இயக்கத்தில் சேர்ந்து அலபாமாவின் செல்மாவுக்குப் போனார், பெரியவர்களுக்கு எழுத்தறிவு சொல்லித்தர. அப்போது அங்கே வாக்காளராகப் பதிய ஒரு தேர்வு எழுத வேண்டும், கறுப்பினத்தவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தோற்றுவிட்டார் என்று அனுப்பிவிட பதிவு அலுவலருக்கு அது ஒன்றே போதும். சரி, பாடம் நடத்தலாம் என்றால், கறுப்பின மக்கள் தாங்களே முன்னின்று தங்கள் ஊரை மாற்றுவதைக் காட்டும் படங்கள் கிடைக்கவில்லை. கிடைக்காததை நாமே எடுத்துவிடுவோம் என்றுதான் நியூ ஆர்லியன்ஸில் மேட் ஹெரானிடம் போட்டோகிராபி கற்றுக்கொண்டார். பேரணிப் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

பழையபேனா:
மழைத்துளி, பேரணிப் படங்களோடு நின்றுவிடாதீர்கள். மிசிசிப்பியின் பேட்ஸ்வில்லில் கறுப்பின விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து வெண்டைக்காய் விற்ற கதையைப் படங்களும் அந்த விவசாயிகளின் சொந்தப் பேச்சுமாக ஒரு சிறு புத்தகமாக்கினார். எனக்கு அவருடைய வேலையிலேயே பிடித்தது அதுதான். பேரணியை எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள், வெண்டைக்காய் விற்பவர்களை எடுக்க யார் வந்தார்கள்?

கரும்பலகை:
நான் முதியோர் வகுப்பு எடுத்தவள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு அம்மா முதல் நாள் புத்தகத்தைத் திறந்ததும் எழுத்தைப் பார்க்கவே இல்லை, படத்தில் இருந்த பெண்ணின் கையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார், அப்புறம் தன் கையைப் பார்த்தார். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. மரியா செய்ததை இப்போது படிக்கும்போதுதான் அந்த அம்மா எதைத் தேடினார் என்று தோன்றுகிறது. ஆனால் ஆட்டுக் கதை எனக்கும் தெரியாது, யாராவது சொல்லுங்களேன்.

இருட்டறை:
சொல்கிறேன். 1960களின் கடைசியில் அவர் வட நியூ மெக்சிகோவுக்குப் போனார். அமெரிக்காவும் மெக்சிகோவும் போர் முடிந்து செய்துகொண்ட 1848 ஒப்பந்தத்துக்கு முன் அது மெக்சிகோவின் மண். சொத்துரிமை காக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தும், தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பொதுவில் இருந்த மேய்ச்சல் நிலங்கள் பெரும்பாலும் கைவிட்டுப் போயின. அவற்றைக் கேட்டு அங்குள்ள ஸ்பானிய வழி மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள், அந்தப் போராட்டத்தையும் படமெடுத்தார். 1980களில் லாஸ் ஓஹோஸ் என்ற சிறு ஊரில் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து கானாடோஸ் தெல் வாயே என்ற அமைப்பைத் தொடங்கினார். அழியும் நிலைக்குப் போய்விட்ட சுர்ரோ என்ற செம்மறி ஆடுகளைப் பெருக்குவது, அந்தக் கம்பளியை அவர்களே நூற்று, சாயம் போட்டு, பழைய ரியோ கிராண்டே பாணியில் தறியில் நெய்து விற்பது. சுர்ரோ ஆட்டில் சில கிடாக்களுக்கு நான்கு கொம்பு இருக்கும். அதன் கம்பளியில் எண்ணெய்ப் பசை குறைவு, கொஞ்சத் தண்ணீரிலேயே அலசிவிடலாம், வறண்ட நாட்டுக்கென்றே வந்த ஆடு. 1989இல் மேய்ச்சலுக்கு இடமில்லாமல் போனபோது அரசின் வனவிலங்குப் பகுதிக்குள் மந்தையை ஓட்டிக்கொண்டு போய் மேயவிட்டார்கள், அது அங்கே பெரிய சண்டையானது. அடுத்த வருடம் அவருக்கு மெக்ஆர்தர் என்ற பெரிய அமெரிக்க விருது கிடைத்தது.

பழையபேனா:
ஒரு சின்னச் சேர்ப்பு. நம் பண்பாட்டைப் பாருங்கள் என்று பெருமை பேசுவது சுலபம். நெசவு செய்பவருக்கு மாதச் சம்பளம் வருகிற மாதிரி அந்தப் பண்பாட்டை நிறுத்திக் காட்டுவதுதான் கஷ்டம், மரியாவும் கூட்டாளிகளும் பட்ட பாடு அதற்குத்தான்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. கரும்பலகை அக்கா, நீங்கள் சொன்ன அந்த அம்மா கண்ணிலேயே நிற்கிறார். நான் முதலில் தேடப்போவது வெண்டைக்காய்ப் புத்தகத்தை.