'சட்டத்திறன்' வேண்டாம், 'ஆளுரிமை' எடுபடுமா?

வணக்கம்.

சட்டத்தின் முன் ஒருவருக்குள்ள 'legal capacity' என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக ஐயா முன்வைத்த 'சட்டத்திறன்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திறன் என்றாலே சோதித்துப் பார்க்கத் தோன்றும். வலங்கைமான் பக்கம் இருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு குழறும், கணக்கு குழறாது. குறுவையில் எத்தனை மூட்டை கண்டது, குத்தகை பாக்கி எவ்வளவு, எல்லாம் விரல்விட்டுச் சொல்வார். பாகப் பத்திரம் பதியப் போனபோது அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "இவருக்கு விவரம் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்கள். 'சட்டத்திறன்' என்று எழுதினால் அந்தக் கேள்வி நியாயமாகிவிடும்.

2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பும், 2014இல் அதற்கு வந்த விளக்கமும் சொல்வது வேறு. மனத்திறன் ஆளுக்கு ஆள் கூடும், குறையும். வாங்க, விற்க, கையெழுத்திடச் சட்டம் தரும் இடம் எல்லாருக்கும் ஒன்றே. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் சொத்து, வங்கிக் கடன் என்று அதைத்தான் பேசுகிறது. 'தகுதி'யும் சரிப்படாது, பின்னாலேயே 'தகுதியற்றவர்' வந்து நிற்பார்.

என் பரிந்துரை 'ஆளுரிமை'. பழைய கிரயப் பத்திரங்களில் "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்து" என்று வருமே, அந்த 'ஆண்டு'வில் உரிமை இருப்பதும் உண்டு, அதைச் செலுத்துவதும் உண்டு. இந்தக் கருத்துக்கும் இரண்டும் வேண்டும். ஆட்கொணர்வு மனுவின் 'ஆள்' ஒட்டிக்கொண்டது உபரி லாபம். நாடாளும் உரிமை என்று யாராவது படித்துவிடுவார்களோ? முதல் முறை 'சட்ட ஆளுரிமை' என்று எழுதிவிட்டால் போயிற்று.

அப்புறம், 'supported decision-making' என்பதற்கு அக்கா எழுதிய 'துணைமுடிவு'. துணை வட்டாட்சியர் மாதிரி, ஒருபடி கீழான முடிவு என்று தொனிக்கிறது. முடிவு முழுக்க அவருடையது, துணைதான் நம்முடையது. 'துணையுடன் முடிவெடுத்தல்' நீளம்தான், பரவாயில்லை. அந்தத் துணையை அவரே மாற்றலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். சொத்து விவகாரத்தில் இருவர் நலனும் முரண்பட்டால் துணை நிற்பவர் அதில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதுவும் 13ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எங்கள் பாகப் பத்திரத்தில் நானும் ஒரு பங்காளி. அன்று அவருக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னதும் நானே. இப்போதுதான் உறைக்கிறது.

அதே சட்டத்தின் 14ஆம் பிரிவில், குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டும், அவர் விருப்பப்படி, அவரோடு சேர்ந்து முடிவெடுக்க ஒரு காப்பாளர் (limited guardian) வருகிறாரே, அவருக்கு என்ன சொல்வது? 'வரம்புக் காப்பாளர்' எனக்கே பிடிக்கவில்லை.