பகிர்ந்தளிக்கச் சுட்ட பிஸ்கட் நமத்துப்போவது ஏன்?

கேள்வி: நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுப்பதற்காக நான் வீட்டில் சுடும் வெண்ணெய் பிஸ்கட்டுகள், சுட்ட அன்று மொறுமொறுப்பாக இருந்தாலும், டப்பாவில் அடைத்த மறுநாளே நமத்துப்போகின்றன. எங்கே தவறுகிறேன்?

பதில் 1: சூடு தணியுமுன் மூடியிருப்பீர்கள் என நினைக்கிறேன். வெளியேறும் நீராவி டப்பாவுக்குள்ளேயே குளிர்ந்து நீராக, பிஸ்கட்டிலுள்ள சர்க்கரை அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால்தான் அவை நமத்துப்போகின்றன. கம்பித்தட்டில் பரப்பி, அடிப்பகுதியும் முழுமையாக ஆறும்வரை காத்திருங்கள்.

பதில் 2: அதே டப்பாவில் கேக்கும் வைக்கிறீர்களா? அதன் ஈரம் பிஸ்கட்டுக்கு ஏறிவிடும். நமத்தவற்றை எறிந்துவிடாதீர்கள், 150 டிகிரி செல்சியஸில் சுமார் 5 நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும்.

கேட்டவர்: ஆம், இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்தேன்! இனிப் பிரித்தே அடைக்கிறேன். மிக்க நன்றி.

பதில் 3: பாதாம், முந்திரி சேர்த்திருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்காக டப்பாவின்மேல் அதையும் தவறாமல் எழுதிவிடுங்கள்.