மேமோகிராம் ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 0 என்று போட்டிருக்கிறார்கள், பயப்பட வேண்டுமா?

தாமிரபரணி_பெண்:
அம்மாவுக்கு 47 வயது. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, வலியும் கிடையாது. நான் நச்சரித்ததால்தான் மாஸ்டர் செக்கப்புக்கே வந்தார், அதில் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சேர்ந்திருந்தது. ரிப்போர்ட்டில் "அடர்த்தி சி, இடது பக்கம் அசிமெட்ரி" என்று எழுதி, கடைசியில் "பைராட்ஸ் 0". பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்து அம்மா சித்தி வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். மறுநாளே சென்டரிலிருந்து கூப்பிட்டு, இன்னும் இரண்டு படம் எடுக்கணும், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் பார்க்கணும் என்கிறார்கள். காசு பிடுங்கும் வேலை என்கிறார் அப்பா. பெரிய மெஷின் அதுதானே, நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்கிறார் மாமா. அம்மா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருட்டறை_அக்கா:
14 வருடமாக மேமோ அறையில் படம் எடுக்கிறேன், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தின் முடிவைச் சொல்லப் போடும் எண், அதில் இந்த 0 பலரையும் ஏமாற்றும். ஒன்றுமில்லை என்றால் 1 போடுவார்கள், சாதாரண நீர்க்கட்டி மாதிரி ஆபத்தில்லாதது இருந்தால் 2. 0 என்றால் "இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியவில்லை" என்று மட்டும்தான் அர்த்தம்.

ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து ஒரு படம், சாய்வாக ஒரு படம் எடுப்போம். சில நேரம் உள்ளே சதை ஒன்றன்மேல் ஒன்று மடிந்து விழுந்து ஒரு படத்தில் மட்டும் திட்டாகத் தெரியும், அதைத்தான் அசிமெட்ரி என்பார்கள். சின்னத் தட்டை வைத்து அந்த இடத்தை மட்டும் அழுத்தி எடுத்தால் சதை விலகி, திட்டு காணாமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போகாமல் நின்றால்தான் அதைத் துருவிப் பார்ப்பார்கள்.

மார்பில் கொழுப்பு போகச் சுரப்பியும் நாருமான திசு எவ்வளவு என்பதுதான் அடர்த்தி, ஏ முதல் டி வரை உண்டு, தொட்டுப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, படத்தில்தான் தெரியும். சி என்பது நோய் இல்லை, உங்கள் அம்மா வயதில் நிறையப் பேருக்கு அப்படித்தான். சிக்கல் என்னவென்றால் அந்தத் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, பால் சோற்றில் பருக்கையைத் தேடுகிற கதை. ஸ்கேனில் அந்தக் குழப்பம் குறைவு, நீர் என்றால் கறுப்பாகத் தெரியும், கெட்டியான கட்டி வேறு மாதிரி தெரியும். அப்படியானால் ஸ்கேன் மட்டும் போதுமே என்று கேட்காதீர்கள். மாவு தூவினாற்போல வரும் சுண்ணாம்புப் புள்ளிகள் சில நேரம் ஆரம்பநிலைப் புற்றின் முதல் தடயமாக இருக்கும், அவற்றை மேமோகிராம்தான் நன்றாகப் பிடிக்கும்.

எம்.ஆர்.ஐ.க்கு நரம்பில் மருந்து ஏற்றிப் பார்க்க வேண்டும். அது ரொம்பக் கூர்மையானது, அதுவே தொல்லையும் கூட, ஆபத்தில்லாததும் பளிச்சென்று தெரிந்து வீண் பயாப்ஸிவரை (சதை எடுத்துச் சோதிப்பது) இழுத்துவிடும். மார்பகப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு, புற்று உறுதியாகி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க, இப்படித்தான் அது பயன்படும். இப்போதைக்கு மாமா பொறுத்திருக்கட்டும்.

தேவையில்லாத டெஸ்ட் எழுதும் இடங்கள் உண்டுதான், அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 0 போட்டுவிட்டுக் கூப்பிடாமல் இருந்திருந்தால் அதுதான் தப்பு.

பசுமை_வழி:
எதற்கு இந்த நசுக்கலும் கதிர்வீச்சும்? தெர்மோகிராம் என்று வெப்பப் படம் எடுக்கிறார்கள், தொடக்கூட மாட்டார்கள், அதைப் பாருங்கள்.

இருட்டறை_அக்கா:
தம்பி, மேமோகிராமுக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து வழக்கமான மேமோகிராமில் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட், சும்மா வீட்டில் இருந்தாலே இயற்கையாக ஏழு வாரத்தில் நம் உடம்பில் ஏறுகிற அளவு. நசுக்குவது வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நன்றாக அழுத்தினால்தான் படம் தெளிவாக வரும், கதிர்வீச்சும் குறையும்.

கொடைரோடு:
எனக்கு பைராட்ஸ் 4ஏ வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று அழுதேன், அப்புறம்தான் டாக்டர் 4ஏ என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம்தான் என்றார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று மாமியார் தடுத்தார்கள், அதையெல்லாம் கேட்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சதை எடுத்தார்கள். ஃபைப்ரோஅடினோமாதான், புற்று இல்லாத சாதாரணக் கட்டி. ஒன்று மட்டும், படம் எடுக்கப் போகும் அன்று அக்குளில் பவுடர், டியோடரண்ட் எதுவும் வேண்டாம். நான் போட்டுக்கொண்டு போய், புள்ளி புள்ளியாகத் தெரிந்து, துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள்.

தாமிரபரணி_பெண்:
நேற்றுப் போய் வந்தோம். அழுத்தி எடுத்த படத்தில் இடது பக்கத் திட்டு இல்லவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஸ்கேனில் வலது பக்கம் இரண்டு சின்ன நீர்க்கட்டி இருந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆபத்தில்லை, பைராட்ஸ் 2 என்று கொடுத்துவிட்டார்கள். அம்மா சித்திக்கு மறுபடி போன் போட்டாயிற்று. அக்கா, சிடி ஒன்று கொடுத்தார்கள், வைத்துக்கொள்ளணுமா?

இருட்டறை_அக்கா:
பத்திரமாக வையுங்கள், ரிப்போர்ட்டோடு சேர்த்து. அடுத்த முறை எந்த ஊரில் எடுத்தாலும் அதைக் கையோடு கொண்டு போங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் ஒன்று இருந்திருந்தால் இந்த 0 கூட வந்திருக்காதோ என்னவோ.